அடிமையாய்ப் பிறந்த ஓவியர் பில் டிரெய்லர்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழாவில், எழுதவும் படிக்கவும் அறியாத ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். பொருந்தும் என்பது மட்டுமன்று, இன்றியமையாதது என்பதே நம் கருத்து. கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி வழங்குவதற்காகத் தோன்றியது இச்சங்கம். மறுக்கப்பட்டது எது, மறுக்கப்பட்ட நிலையிலும் அம்மக்களிடம் எஞ்சி நின்றது எது என்னும் இரண்டையும் நாம் அறிந்தாக வேண்டும். முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசியது குறைவு. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு, அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்து, 85 வயதைக் கடந்த பிறகு தூரிகை பிடித்து, அந்நாட்டின் தலைசிறந்த ஓவியர் வரிசையில் இன்று வைத்துப் போற்றப்படும் பில் டிரெய்லர் என்னும் கறுப்பினப் பெரியவரின் கலை வாழ்வை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

டிரெய்லர் ஏறத்தாழ 1853-ஆம் ஆண்டில் அலபாமாவின் டல்லாஸ் மாவட்டத்தில், பருத்தித் தோட்டம் ஒன்றில் பிறந்தார். டிரெய்லர் என்பது அவருடைய குடிப்பெயர் அன்று. அவருடைய குடும்பத்தை உடைமையாக வைத்திருந்த வெள்ளையரின் பெயர். ஆட்டையும் மாட்டையும் கணக்கெடுப்பது போல மனிதரையும் கணக்கெடுத்து, அவரவர்க்கு ஒரு விலை மதித்து ஏட்டில் எழுதி வைத்த காலம் அது. அந்த ஏட்டை எழுதும் உரிமை ஒரு சாராருக்கே இருந்தது. 1832-ஆம் ஆண்டிலேயே அலபாமா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அடிமைக்கோ, அடிமையல்லாத கறுப்பருக்கோ எழுத்துக் கூட்டவும் படிக்கவும் எழுதவும் கற்பிக்க முயல்பவர் எவராயினும், அவருக்கு 250 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மிகாமலும் தண்டம் விதிக்கலாம் என்பது அச்சட்டம். எனவே டிரெய்லர் எழுத்தறியாதவராய் வளர்ந்தமைக்கு அவருடைய சோம்பலோ, பெற்றோரின் அக்கறையின்மையோ காரணம் அன்று. அவருடைய எழுத்தறியாமை சட்டத்தால் செய்யப்பட்ட ஒன்று. ஏட்டைத் தொட்டால் தீட்டு, காதால் கேட்டால் குற்றம் என்று விதிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது டிரெய்லருக்கு வயது பன்னிரண்டளவே. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. உழுத நிலம் முன்போலவே முன்னாள் ஆண்டைகளின் கையில் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் கூலிகளாகவும் வாரக் குடியானவர்களாகவும் நின்றனர். விதையும் ஏரும் உணவும் நிலவுடைமையாளரிடம் கடனாகப் பெறுவதும், அறுவடையில் பங்கு கொடுத்த பின் அக்கடன் தீராது அடுத்த ஆண்டுக்கு ஏறுவதும் அவ்வாழ்க்கையின் நியதி. டிரெய்லரும் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இவ்வாறே கழித்தார். மணம் புரிந்தார், பல மக்களைப் பெற்றார், உழுதார், பருத்தி எடுத்தார், கால்நடை பேணினார்.

1901-ஆம் ஆண்டில் அலபாமா ஒரு புதிய அரசியல் சட்டத்தை வகுத்துக்கொண்டது. வாக்களிக்க விரும்புவோர் எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டும், தலைவரி செலுத்தியிருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கறுப்பின மக்களின் வாக்குரிமை இதனால் ஏறக்குறைய முழுவதும் பறிபோயிற்று. 1832-இல் எழுத்தைக் கற்பிப்பது குற்றம் என்றவர்கள், 1901-இல் எழுத்தறியாமையே குற்றம் என்றார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, குருடன் என்று பழிக்கும் சூழ்ச்சி இது. கல்வியை ஏன் நாம் உயிரெனப் பற்றுகிறோம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

1920-களின் பிற்பகுதியில் முதுமை எய்திய டிரெய்லர் சிற்றூரை விட்டு அலபாமாவின் தலைநகரமாகிய மான்ட்கோமரிக்கு வந்து சேர்ந்தார். 1929-இல் அவருடைய மைந்தர் ஒருவர் பர்மிங்காம் நகரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். முதுமை, வறுமை, மூட்டுவாதம், மகனை இழந்த துயரம் ஆகிய அனைத்தையும் சுமந்தவாறு அப்பெரியவர் மன்ரோ தெருவில் வாழ்ந்தார். நிறவெறிச் சட்டங்களால் பிரிக்கப்பட்டிருந்த அந்நகரில் கறுப்பின மக்களின் கடைகளும் தொழில்களும் நிறைந்த வீதி அது. இரவில் கறுப்பினத்தார் நடத்திய சவ அடக்க நிலையம் ஒன்றின் பின்கட்டில் உறங்குவார்; பகலில் வீதியோரத்தில் ஒரு பெட்டியின் மீது அமர்ந்திருப்பார்.

1939-ஆம் ஆண்டில் அவர் வரையத் தொடங்கினார். பயிற்சி அளித்தார் எவரும் இல்லை. கலைக்கூடம் எதனையும் அவர் கண்டதில்லை. தேய்ந்த பென்சில் துண்டு ஒன்று, கோடு இழுக்க நேரான குச்சி ஒன்று, கடைக்காரர்கள் வீசியெறிந்த அட்டைகள் சில ஆகியவையே அவருடைய கருவிகள். மடியில் பலகையைக் கிடத்தி அதன்மேல் அட்டையை வைத்துக் கோடு இழுப்பார். முதலில் குச்சியைக் கொண்டு கட்டம் ஒன்று எழும். அக்கட்டத்தினின்று கழுத்தும் கால்களும் கிளைக்கும். பின்பு அக்கட்டம் நிரம்பி உடலாகும். நாளடைவில் கை பழகியது. குச்சியை விடுத்து நேரே உருவங்களை வரையலானார். வரைந்தவற்றைக் கயிற்றில் கோத்து வேலியில் தொங்கவிடுவார். வீதியில் செல்வோர் நின்று பார்ப்பர். அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி இத்தெருவேலியிலேயே நடந்தது எனலாம்.

அவ்வாண்டின் கோடையில் சார்லஸ் ஷானன் என்னும் இளம் வெள்ளை ஓவியர் அவ்வழியே சென்றார். முதியவரின் ஓவியங்களைக் கண்டு வியந்தார். பின்னர் அடிக்கடி வந்து வண்ணங்களும் தூரிகைகளும் தந்தார். நல்ல வெண்ணிற அட்டைகளும் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் டிரெய்லர் விரும்பியவை பழைய அட்டைகளே. கறையும் கிழிசலும் கோணலும் கொண்ட அட்டைகளை அவர் அப்படியே ஏற்றார். ஓரம் கிழிந்திருந்தால் அக்கிழிசலுக்கு ஏற்ப உருவம் வளையும். கறை இருந்தால் அதுவும் ஓவியத்தின் ஓர் அங்கமாகும். கிடைத்ததைக் கொண்டு வாழப் பழகிய உழைப்பாளியின் அறிவு அதுவாகும். குறையுள்ள பொருளைக் குறை தெரியாமல் மறைக்காது, குறையையே பயனாக்கும் திறம் ஏழை எளியோர் இல்லங்களில் நாள்தோறும் காணப்படுவதன்றோ?

அவருடைய படைப்புக்கு ஊற்றாக இருந்தவை எவை? இரண்டு எனலாம். ஒன்று, எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பண்ணை வாழ்வின் நினைவு. மற்றொன்று, கண்முன் ஓடிக்கொண்டிருந்த மன்ரோ தெரு.

பண்ணை நினைவில் முதலிடம் பெறுபவை விலங்குகள். கோவேறு கழுதை, குதிரை, மாடு, பன்றி, நாய், பாம்பு, பறவை ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. நிலமோ வானமோ மரங்களோ பின்னணியில் இல்லை. வெற்று அட்டையில் ஒற்றை விலங்கு பக்கவாட்டில் நிற்கும். ஆயினும் காதின் நிமிர்வு, முதுகின் வளைவு, காலின் ஊன்றல் ஆகியவற்றால் அது சினந்த விலங்கா, களைத்த விலங்கா, பிடிவாதம் கொண்ட விலங்கா என்பது பார்த்த அளவில் விளங்கும். ஏரில் பூட்டி, தீனி வைத்து, அதன் உதையையும் வாங்கி வாழ்ந்தவருக்கே இவ்வறிவு வாய்க்கும். நிலத்தில் உழைத்தவரின் கண், வாழ்நாள் முழுவதும் பயின்று தேர்ந்த கண் என்பதை இவ்வோவியங்கள் மெய்ப்பிக்கின்றன.

தெருவிலிருந்து வந்தவர்கள் மாந்தர்கள். உயர்ந்த தொப்பியணிந்த ஆடவர், குடையும் கைப்பையும் தாங்கிய மகளிர், ஊன்றுகோல் பிடித்த முதியவர், குடிமயக்கத்தில் தள்ளாடுவோர், ஒருவரை ஒருவர் சுட்டிப் பேசுவோர் எனப் பலரும் வருகின்றனர். இவர்களுள் பலர் மிடுக்காக உடுத்தியவர்கள். கறுப்பர் என்றால் கந்தல் உடுத்தவர், கேலிக்குரியவர் என்றே அந்நாளைய விளம்பரங்களும் வேடிக்கைப் படங்களும் காட்டி வந்தன. அவர்கள் தங்களைத் தாங்களே எப்படிக் கண்டனர் என்பதை டிரெய்லரின் அட்டைகள் காட்டின. நம்மைப் பிறர் வரைந்த படத்திற்கும், நாமே நம்மை வரையும் படத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது வகை ஓவியங்கள் உண்டு. அவற்றைக் காண்போர் முதலில் நகைப்பர். பின்னர் நகைப்பு அடங்கும். 1939-ஆம் ஆண்டில் வரைந்த மஞ்சளும் நீலமுமான வீட்டின் ஓவியம், இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி மனிதரும் நாயும் காட்சியளிக்கின்றனர். இவ்வரிசையைச் சேர்ந்த பிற ஓவியங்களில் ஒருவர் கூரைமேல் ஏறுகிறார், ஒருவர் துப்பாக்கி ஏந்துகிறார், ஒருவர் கோடரியோடு பாய்கிறார், நாய் துரத்துகிறது, கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தடியால் குத்துகிறார். விளையாட்டா, வேட்டையா என்று தெளிவாகச் சொல்ல இயலாதபடி அக்காட்சி அமைந்திருக்கும். தப்பியோடும் அடிமைகளை நாய்களை ஏவிப் பிடித்த காலத்தை அவர் கண்டவர். விசாரணையின்றிக் கும்பல் சேர்ந்து கறுப்பரை மரத்தில் தூக்கிலிட்ட காலத்திலும் அவர் வாழ்ந்தவர். நடுத்தெருவில் அமர்ந்து அதனை வெளிப்படையாக வரைந்திருந்தால் அவர் உயிருக்கே இடர் நேர்ந்திருக்கும். ஆகவே அச்சத்தையும் சினத்தையும் வேடிக்கைக்குள் பொதிந்து வைத்தார் என ஆய்வாளர் இன்று விளக்குகின்றனர். எதிர்த்துப் பேச வழியற்ற மக்கள் கதையிலும் பாட்டிலும் கூத்திலும் தம் உள்ளத்தைப் பொதிந்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கமே.

ஷானனும் அவருடைய நண்பர்களும் 1940 பிப்ரவரியில் மான்ட்கோமரியில் தாங்கள் நடத்திவந்த கலை மன்றத்தில் டிரெய்லரின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். 1942-இல் நியூயார்க்கில் ஒரு பள்ளியில் அவை காட்டப்பட்டன. அப்போது அந்நகரின் புகழ்பெற்ற நவீனக் கலைக் காட்சியகம் சில ஓவியங்களைத் தேர்ந்து, ஒன்றுக்கு ஓரிரு டாலர் என விலை மதித்துக் காசோலை அனுப்பியது. ஷானன் அதனைத் திருப்பி அனுப்பி ஓவியங்களைத் திரும்பப் பெற்றார். உயிரோடு இருந்தவரையில் டிரெய்லருக்குக் கலையுலகம் அளித்த மதிப்பு அவ்வளவே.

1942-க்குப் பின் அப்பெரியவர் வடபுல நகரங்களில் வாழ்ந்த தம் மக்களிடம் சென்று தங்கினார். அக்காலத்தில் தசையழுகல் நோயால் ஒரு காலை இழந்தார். பின்னர் மான்ட்கோமரிக்கே மீண்டார். நகரில் மகள் ஒருவர் இருப்பது தெரிய வந்ததும், அரசின் உதவித்தொகை நின்று போயிற்று. 1949 அக்டோபர் 23 அன்று உயிர் நீத்தார். அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்லும் நடப்படவில்லை. 1939 முதல் 1942 வரையான குறுகிய காலத்தில் அவர் வரைந்தவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் ஷானனால் காக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிகளில் உறங்கின.

1982-இல் வாஷிங்டனின் கார்க்கரன் கலைக்கூடம் கறுப்பின நாட்டுப்புறக் கலைஞரின் படைப்புகளைத் திரட்டி ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. டிரெய்லரின் பெயர் அதன்பின் நாடெங்கும் பரவியது. ஓவியங்களின் விலை ஏறியது. 1992-இல் அவருடைய வழித்தோன்றல்கள் ஓவியங்களில் தங்களுக்கு உரிய பங்கைக் கோரி ஷானன்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2018-இல் ஸ்மித்சோனியன் கலைக்கூடம் அவருடைய 155 படைப்புகளைக் கொண்டு கண்காட்சி நடத்தியது. அடிமையாய்ப் பிறந்த ஒரு கலைஞருக்கு அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் முழுமையான கண்காட்சி அதுவே. அவ்வாண்டில்தான் அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்லும் நாட்டப்பட்டது. 2020 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அவருடைய அட்டை ஒன்று 5,07,000 டாலருக்கு விலை போயிற்று. ஓரிரு டாலர் என மதிக்கப்பட்ட கை வரைந்த அட்டைதான் அதுவும்!

இவ்வரலாற்றில் நாம் நின்று எண்ண வேண்டிய இடங்கள் சில உண்டு.

முதலாவது, ‘தானே கற்றவர்’ என்னும் சொல். டிரெய்லரைக் குறிக்க எல்லோரும் இச்சொல்லைக் கையாள்கின்றனர். பள்ளி அவருக்குக் கற்பிக்கவில்லை என்னும் அளவில் அது மெய். ஆனால் கற்பித்தவர் எவரும் இல்லை என்று கொண்டால் அது பொய். உழவும் கால்நடையும், கொல்லர் பட்டறையும் பிரசங்கியின் குரலும், உறவினர் சொன்ன கதைகளும் அவருக்குப் பாடம் சொல்லின. ஒரு சமூகத்தின் அறிவே அவர் கையில் இறங்கிற்று. எழுத்தறியாதவர் அறிவிலி அல்லர் என்பதற்கு அவர் சான்று. அதே வேளையில், எழுத்தறியாமையே அவரைக் கலைஞராக்கியது என்று புகழ்வோரையும் நாம் ஏற்க இயலாது. கல்வி கிடைத்திருந்தால், இருபது வயதில் தாளும் வண்ணமும் கிடைத்திருந்தால், மூன்று நான்கு ஆண்டுகள் வரைந்த கை அறுபது ஆண்டுகள் வரைந்திருக்கும். அந்த இழப்புக்கு ஈடு எந்த ஏலத்திலும் இல்லை.

இரண்டாவது, காத்தவர் யார், உடைமையாளர் யார் என்னும் வினா. ஷானன் இல்லையேல் அவ்வோவியங்கள் குப்பையில் போயிருக்கும், இந்நன்றியை மறக்கலாகாது. ஆயினும் ஒரு மக்களின் நினைவைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பிறர் கையில் இருக்கும்போது, அதன் பயனும் புகழும் எவரைச் சேரும் என்பதைப் பிறரே முடிவு செய்வர். டிரெய்லரின் பேரர்கள் தம் பாட்டனின் படைப்பில் பங்கு கேட்டு நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது இதனாலேயே.

மூன்றாவது, மான்ட்கோமரி நகரம் நமக்கு அயலூர் அன்று. டிரெய்லர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1955 டிசம்பர் 1 அன்று, அதே நகரில் பேருந்தின் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார் ரோசா பார்க்ஸ் அம்மையார். அதனைத் தொடர்ந்து 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே சென்று வென்றனர். அப்போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றில், ‘அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர்’ எனத் தம்மை அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்து, பின்பு அது உண்மையே என உணர்ந்ததையும் பிற்காலத்தில் தம் சொற்பொழிவில் கூறினார். அதற்கும் முன்னரே, 1946-இல், அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியிருந்தார். டுபாய்ஸும் உடனே பரிவோடு மறுமொழி விடுத்தார். எனவே டிரெய்லரைப் பற்றி அறிவது நம் உறவினர் ஒருவரைப் பற்றி அறிவதே ஆகும்.

அன்பு மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் இல்லங்களில் கையெழுத்திடத் தெரியாமல் பெருவிரல் பதிக்கும் தாத்தாவும் பாட்டியும் இருப்பார்கள். அவர்கள் முன் உங்கள் பட்டத்தைக் காட்டி நிமிர்வது நன்றே. ஆனால் அவர்கள் முன் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்து, அவர்கள் கண்டதைக் கேட்பது அதனினும் நன்று. பறையின் அடவும், நடவுப் பாட்டின் மெட்டும், மண்சுவரில் இட்ட கோலமும், மாட்டின் நோயறிந்து இட்ட மருந்தும் அவர்களோடு மறைந்துவிடலாகாது. உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. அவர்கள் கையில் நினைவு இருக்கிறது. இரண்டும் சேர வேண்டும்.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த 25 ஆண்டுகளில் நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஓவியத்திற்கென வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒதுக்குங்கள். தேர்வில் மதிப்பெண் பெறாத பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். பெரியோர் சொல்வதைத் திரட்டி, ஊர் வாரியாக, சொன்னவர் பெயரோடு பதிந்து வையுங்கள். பெயரில்லாத கல்லறை நம்மவர் எவருக்கும் இனி வேண்டா. பதிந்தவை நம் சங்கத்தின் நூலகத்தில், நம் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்கட்டும்.

டிரெய்லரின் பெற்றோருக்கு ஆண்டையின் ஏட்டில் ஒரு விலை எழுதப்பட்டிருந்தது. அந்த ஏட்டைப் படிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் வீசியெறிந்த அட்டையில் அவர் தம் மக்களின் ஏட்டை எழுதினார். அதனை இன்று உலகம் படிக்கிறது. நம் மக்களின் ஏட்டை எழுதுவதற்கு எண்பது வயது வரை காத்திருக்க வேண்டிய நிலை நம் பிள்ளைகளுக்கு இல்லை. அந்நிலையை மாற்றியதே இச்சங்கத்தின் 25 ஆண்டுப் பணி. அப்பணி தொடர்க, பெருகுக என வாழ்த்துகிறோம்.